மேட்டில் கடைசியாக விழவேண்டியவர்

1

இந்தக் கதை எனக்கு மட்டன் ரோல் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக்கூடாது. போர்க்கதை எழுதுகிறவர்கள் நூலகத்தில் தூசி தட்டுவார்கள், பழைய வரைபடங்களை விரித்துவைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்கள். நான் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பிரித்தானியச் சிப்பாய் நின்றார். சிவப்புக் கம்பளிக் கோட்டு, நெஞ்சில் குறுக்காக இரண்டு வெள்ளைப் பட்டிகள், தலையில் உயரமான கறுப்புத் தொப்பி. வெளியே ஜூலை மாதத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சிப்பாய் திரும்பி, "அன்ரனெற், உனக்கும் சேர்த்துச் சொல்லட்டே? பின்னாலை நிண்டு வேகாதை" என்றார்.

நீக்கிலாப்பிள்ளை அண்ணை! எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு தோறும் காணிக்கைத் தட்டோடு வருகிறவர். மன்னார்க்காரர். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறியவர். இளைப்பாறிய கையோடு வயிறு வைத்துவிட்டது, நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்ல, மகள் ஸ்டெபனி அவரைப் பழைய போர்களை நடித்துக்காட்டும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். அங்கே அவர் ஒரு கோப்ரல். குழுவில் இருக்கும் ஒரே தமிழரும் அவர்தான்.

அவர் ஒரு பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் வாங்கினார். "இவ்வளவும் ஆருக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்குப் பதிலாச் சாகிற பெடியளுக்கு."

என் கணவர் கிளிபோட் நெடுநாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். "நீ ஒரே குசினிக் கதையாத்தான் எழுதிறாய். ஒரு சண்டைக் கதை எழுதன் பாப்பம்" என்பார். அன்று அஜக்ஸில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவேயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு ரோலைக் கடித்துக்கொண்டு, சரி, எழுதிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

2

முதல் தொடக்கம்:

"1815, பெப்ரவரி. ஒன்ராறியோ வாவியின் உறைபனிக் காற்று மேட்டின்மேல் சீறியது. வடகரைக் காலாட்படையின் வீரர்கள் தங்கள் துப்பாக்கிகளை இறுகப் பற்றியவாறு, தாய்மண்ணைக் காக்கும் வெறியோடு—"

வெட்டிவிட்டேன். யாருடைய தாய்மண்? அந்தச் சிப்பாய்களில் பாதிப்பேர் கப்பலில் வந்து இறங்கியவர்கள். எங்களைப் போலத்தான், குளிரையும் சாப்பாட்டையும் திட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

"தளபதி தன் கறுப்புக் குதிரையின் கடிவாளத்தைச் சுண்டினார். குதிரை—"

குதிரை வேண்டாம். எனக்கும் குதிரைக்கும் ஒருமுறைதான் பழக்கம். ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு பொலிஸ்காரரின் குதிரையை ஆசையாகத் தடவப் போனேன், அது என் முகத்தில் தும்மிவிட்டது. அதை வைத்து ஒரு தளபதியை நகர்த்த முடியாது.

மூன்றாம் தொடக்கம்:

"போர் முடிந்துவிட்டது. மேட்டில் நின்றவர்களுக்கு அது தெரியாது."

இது இருக்கட்டும். இதை நான் கற்பனை செய்யவும் தேவையில்லை. கனடாவைப் பிடிக்க அமெரிக்கா படையெடுத்து வந்த அந்தப் போரைக் கடைசியில் ஐரோப்பாவில் ஓர் ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல்நாள். செய்தி கப்பல் ஏறிக் கடல் கடந்து வந்து சேர்வதற்குள் புதுவருடம் பிறந்து பெப்ரவரியும் வந்துவிட்டது. இடையில் சில இடங்களில் சமாதானமான பிறகும் சண்டை பிடித்துச் செத்திருக்கிறார்கள். இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

(அடைப்புக்குள் ஒரு குறிப்பு: வடகரைக் காலாட்படை என்று ஒன்று இருந்ததில்லை. அந்த மேடும் இல்லை. இரண்டையும் நான்தான் கட்டினேன். தேடிக் களைக்கவேண்டாம்.)

3

நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் குழு நடித்துக்காட்டுவது இதே போரின் கடைசி நாட்களைத்தான். ஒரு மண்மேடு. அதை ஒரு காலாட்படை காத்து நிற்கும். நீலக் கோட்டுக்காரர்கள் அலை அலையாக வருவார்கள். கடைசியில் சமாதானச் செய்தியோடு ஓர் ஆள் வருவார். பெப்ரவரியில் நடக்கவேண்டியதை கோடையில் நடிப்பார்கள், ஏனென்றால் ரொறன்ரோவில் பெப்ரவரி மாதம் திறந்த வெளியில் நின்று சண்டை பார்க்க ஈ காக்கை வராது. நீலக் கோட்டுக்காரர்கள் பஃபலோவில் இருந்து பஸ் பிடித்து வருகிற நல்ல மனிதர்கள்.

குழுவின் கப்டன் பெயர் மரே. வார நாட்களில் மிசிசாகாவில் பல் பிடுங்குகிறவர். சண்டைக்கு முன் அவர் ஒரு கடதாசிக் கட்டை, விளையாடுகிற சீட்டுத்தான், கவிழ்த்து நீட்டுவார், ஆளுக்கு ஒன்று உருவவேண்டும். சிவப்பு வந்தால் தப்பினீர்கள். கறுப்பு வந்தால் அன்று நீங்கள் சுடுபட்டு விழவேண்டும். விழுந்தால் அசையக்கூடாது, மூக்கில் நுளம்பு குந்தினாலும் அசையக்கூடாது.

நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குக் கறுப்பு வந்தால் அவர் பக்கத்தில் நிற்பவரின் காதில் ஏதோ சொல்லுவார். பக்கத்தில் நிற்பவர் சந்தோசமாகச் சீட்டை மாற்றிக்கொள்வார். சண்டை முடிந்ததும் அவருக்கு ரோல்ஸ் கிடைக்கும். இப்படி அண்ணை நாலைந்து கோடைகாலம் சாகாமலே போர் செய்துவிட்டார். அவருக்காக அடிக்கடி செத்த ஒரு பொடியன் இப்போது கோட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமல் திண்டாடுகிறான்.

"ஏன் அண்ணை, கொஞ்ச நேரம் புல்லிலை படுக்கிறதுக்கு உங்களுக்கு என்ன வில்லங்கம்?" என்று கேட்டேன்.

"எனக்கொரு வில்லங்கமும் இல்லை. உன்ரை வேரோனிக்கா அக்காவைக் கேள்."

4

வேரோனிக்கா அக்கா அவருடைய மனைவி. ஆளும் சின்னன், குரலும் சின்னன், ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் ஒரு கதிரைகூட இடம் மாறாது.

தொண்ணூறுகளில் நடந்தது இது. ஊர்ச் சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். அண்ணை மன்னாரில் இருந்து ஒரு அலுவலாக யாழ்ப்பாணம் போய், திரும்பி வர வள்ளத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்த வள்ளத்தைக் கடலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேரோனிக்கா அக்கா வெள்ளைச் சீலை கட்டினார், கைக்குழந்தை ஸ்டெபனியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணையின் கலியாணப் படத்துக்கு முன்னால் இருந்து அழுதார், இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுத்தார். முப்பத்தோராம் நாள் ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் அந்த வள்ளத்தில் ஏறவேயில்லை. அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிற்றாலே போயிருக்கிறது, வள்ளத்தை விட்டுவிட்டார். செய்தி அனுப்ப வழியில்லை, அடுத்த வள்ளமும் இல்லை.

வந்தவர் வாசலில் நின்று கேட்டாராம், "ஆரின்ரை முப்பத்தொண்டு?"

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். வேரோனிக்கா அக்காவும் சிரித்தார். தன் கணவர் தன் முப்பத்தோராம் நாளுக்குத் தானே இருந்து சாப்பிட்டு, இரண்டாம் தரம் பாயாசமும் கேட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் அந்தாளுக்கு ஒருக்கால் பூசை குடுத்திட்டன் அன்ரனெற். இனிமேல் விளையாட்டுக்கும் அவர் செத்துக் கிடக்கேலாது. உடுப்பைப் போட்டுக்கொண்டு எவ்வளவும் சுடட்டும். விழக்கூடாது."

5

இனி என் கதைக்குள் அவரை எப்படிக் கொண்டுவருவது?

என் கதை நடப்பது 1815 இல். மேட்டில் நிற்கும் கோப்ரலுக்கு நான் அண்ணையின் முகத்தைக் கொடுத்துவிட்டேன், அவருடைய மீசை உட்பட. பிறகுதான் புத்தி வேலை செய்தது. மன்னார்க்காரர் ஒருவர் 1815 இல் இந்தப் பனிக்குள் என்ன செய்கிறார்? ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன்:

"முத்துக்குளிப்பில் வல்லவரான அவரை ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் கொழும்பில் வைத்து—"

விட்டுவிட்டேன். ஒருவர் கதையில் நிற்கிறார் என்றால் நிற்கிறார். இன்றைக்கு ஸ்காபரோவில் நிற்கிற எங்களிடம் யார் விளக்கம் கேட்கிறார்கள்?

முதல் எழுத்தில் என் கோப்ரல் மூன்றாம் அலை வரும்போது துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. முடிந்துபோன போருக்காக ஒரு மனிதன் ஏன் சாகவேண்டும்? அதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

"ஏன் பிள்ளை ஓட விட்டனி?"

"பிழைக்கட்டும் எண்டுதான் அண்ணை."

"ஊரிலை நாங்கள் ஓடினதுதானே? ஹெலி வந்தா ஓடு, ஷெல் வந்தா ஓடு, ஆரும் ஓடினா ஏனெண்டு கேக்காமல் நீயும் ஓடு. என்ரை வாழ்க்கையிலை ஒரு இடத்திலையும் நான் நிண்டதில்லை. இஞ்சை அந்தப் பல்லு டொக்டர் வாளைத் தூக்கிக்கொண்டு, 'நில்லுங்கோ, ஒருத்தரும் அசையாதேங்கோ' எண்டு கத்துவான். எனக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமோ? எனக்கு வலப்பக்கம் ஒருத்தன், இடப்பக்கம் ஒருத்தன். ஒருத்தரும் ஓடேல்லை. உந்த வரிசைக்காகத்தான் நான் ஒவ்வொரு கிழமையும் போறன். நடக்கிறதுக்கெண்டே நினைச்சாய்?"

நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கோப்ரல் திரும்ப மேட்டில் ஏறி நின்றார்.

அதன் பிறகுதான் அண்ணை உண்மையான சிக்கலைச் சொன்னார். இந்தக் கோடையின் கடைசிச் சண்டைக்கு மரே புதுத் திட்டம் போட்டிருந்தார். சமாதானச் செய்தி வருவதற்குச் சற்று முன் ஒரே ஒருவர் விழவேண்டும். போரில் கடைசியாக விழுகிறவர். பார்க்கிற சனத்துக்கு அப்போதுதான் உறைக்கும். அதற்கு எல்லோருக்கும் பிடித்த ஓர் ஆள் வேண்டும். கடதாசி உருவாமலே எல்லோரும் 'நிக்' என்று அண்ணையின் பெயரைச் சுருக்கிக் கத்தியிருக்கிறார்கள். சீட்டு மாற்றுகிற கதையே இல்லை. மாட்டேன் என்றால் முன்வரிசையை விட்டு இறங்கிப் பின்னால் கூடாரத்தில் பீன்ஸ் அவிக்கும் வேலை. மரே கெட்டவர் அல்லர். இவ்வளவு காலமும் மற்றவர்கள் எல்லோரும் முறைக்கு முறை செத்திருக்கிறார்கள், அண்ணை மட்டும் சாகவில்லை என்றால் அது நியாயமா?

"வேரோனிக்கா அக்காவுக்குச் சொன்னீங்களோ?"

"நீ சொல்லன்" என்றார் அண்ணை. மேட்டில் அசையாமல் நிற்கிற அதே மனிதர்தான்.

6

நான் சொல்லத் தேவைப்படவில்லை. மரேயின் திட்டமும் என் கதையும் அதற்குள் அக்காவின் காதுக்கு எட்டியிருந்தன, அவரே தொலைபேசி எடுத்தார்.

"நீ அந்தாளைக் கதையிலை சாகக் குடுக்கப் போறியாம்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை அக்கா."

"அப்ப இப்ப எடு."

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. உங்களுக்கும் காட்டுகிறேன்.

அ. செய்தி கொண்டுவருகிறவர் கொஞ்சம் விரைவாக வந்துவிடுகிறார். ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். (கிளிபோட் சொன்னார்: "பிறகென்னத்துக்குக் கதை? கிறிஸ்மஸ் காட் அனுப்பி விடன்.")

ஆ. செய்தி வரக் கொஞ்சம் பிந்துகிறது. கோப்ரல் விழுகிறார். பனி அவரை மூடுகிறது. (எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன். வேரோனிக்கா அக்கா இதை வாசித்தால் கோயிலில் என்னோடு ஒரே வாங்கில் உட்காரமாட்டார்.)

இ. கோப்ரல் விழவுமில்லை, செய்தி வரவுமில்லை. படை இன்னும் அந்த மேட்டில் நிற்கிறது. (மூளைசாலி முடிவு. எனக்கு இந்த மாதிரி முடிவுகளைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும்.)

மூன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கடைசிச் சண்டையில் அண்ணை என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன். கதாபாத்திரத்தின் தலையில் பொறுப்பைக் கட்டுவது எழுத்தாளர்களுக்குக் கைவந்த கலை.

7

அண்ணை யாரோடும் சண்டை பிடிக்கவேயில்லை. வெள்ளிக்கிழமை மரேயிடம் போய், கூடாரத்திலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். சிவப்புக் கோட்டை ஒரு கடைப் பையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்காவிடம், "நான் விழேல்லை, பயப்படாதை" என்று மட்டும் சொன்னார். பிறகு ரீவியைப் போட்டு, அது என்ன நிகழ்ச்சி என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தார். ரோல்ஸ் வாங்கவும் போகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை ஸ்டெபனி எனக்குச் சொன்னாள். அக்கா சனிக்கிழமை காலை முழுவதும் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடந்தார். ஒவ்வொருமுறையும் அந்த மனிதரின் முதுகைப் பார்த்தார். பிறகு மகளின் தொலைபேசியை வாங்கி மரேக்கு எடுத்தார். அக்கா அதுவரை எந்த வெள்ளைக்காரரோடும் தானாகத் தொலைபேசியில் கதைத்ததில்லை.

"ஹலோ. மை ஹஸ்பண்ட் வில் டை ஆன் சண்டே" என்றார். "ஐ ஆம் த வைஃப். ஐ கிவ் த பெர்மிஷன்."

"அன்ரி, ஐ வோஸ் டையிங்" என்று ஸ்டெபனி என்னிடம் சொன்னாள். "மரே பாவம், ஹி திங்க்ஸ் அப்பாக்கு ஏதோ வருத்தம் எண்டு. ஐ ஹாட் டு எக்ஸ்பிளெய்ன் எவ்ரிதிங்."

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். விழுந்தால் எவ்வளவு நேரம் கிடக்கவேண்டும்? அதற்கு மரே, சமாதானச் செய்தி வந்து சனம் கைதட்டி முடிந்ததும் தான் ஓர் உத்தரவு போடுவதாகவும், இறந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு எழும்புவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அது அந்தக் குழுவின் வழக்கம். உத்தரவு இதுதான்: "செத்தவர்கள் எழும்பலாம்!"

"அப்ப சரி" என்றாராம் அக்கா.

ஏன் மனம் மாறினார் என்று பிறகு கேட்டேன். நல்ல ஆழமான பதில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"அந்தாளைச் சோகமா வீட்டிலை வைச்சிருக்கேலாது அன்ரனெற். இடத்தை அடைக்குது" என்றார்.

8

ஞாயிறு பூசை முடிந்து நான்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பூசைக்குக் கட்டிய சீலையோடு வந்தார். பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றருகில் நின்றோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்த ஒரு மணித்தியாலமும் அவர் அதை விடவில்லை.

மேட்டில் சிவப்பு வரிசை. நடுவில் அண்ணை. நீலக் கோட்டுக்காரர்கள் மேளம் தட்டிக்கொண்டு வந்தார்கள். மரே வாளைத் தூக்கிக் கத்தினார். துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடித்தன, குண்டு இல்லை, வெறும் மருந்துதான், ஆனாலும் புகை அப்படியே எங்கள் முகத்துக்கு வந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கால்கள் ஓடப் பார்த்தன. அக்காவின் பிடி இறுகியது. அவர் கால்களும் அதையேதான் நினைத்திருக்கவேண்டும்.

புகை விலகியது. வரிசை அப்படியே நின்றது.

இரண்டாம் முறை வந்தார்கள். சிலர் விழுந்தார்கள். பொத்தான் பூட்ட முடியாத அந்தப் பொடியன் அழகாக உருண்டு விழுந்தான், நல்ல அனுபவம். வரிசை நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. அண்ணையின் முகத்தை நான் பார்த்தேன். கரி பூசி, வியர்த்து, அவ்வளவு சந்தோசமான ஒரு முகத்தை நான் எங்கள் ஆட்களிடம் பார்த்ததில்லை. கலியாண வீட்டிலும் இல்லை.

பிறகு நீலப் பக்கத்தில் இருந்து ஒற்றை வெடி.

அண்ணை நெஞ்சைப் பிடித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். குனிந்து புல்லைப் பார்த்தார். ரொறன்ரோப் பூங்காக்கள் எல்லாம் வாத்து எச்சம்தானே. இரண்டு அடி தள்ளி ஒரு துப்புரவான இடம் கண்டுபிடித்து, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மெல்லப் படுத்து உயிரை விட்டார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கோட்டுக் கழுவிறது நானெல்லே, அதுதான் பாத்து விழுறார்" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. கண் வெட்டவுமில்லை.

செய்தி கொண்டுவருபவருக்குக் குதிரை கிடைக்கவில்லையாம், ஓடித்தான் வந்தார். "சமாதானம்! சமாதானம்!" என்று ஆங்கிலத்தில் மூச்சிரைக்கக் கத்தினார். இரண்டு பக்கமும் தொப்பிகளைக் கழற்றியது. சனம் கைதட்டியது. மரே வாளை உறையில் போட்டுவிட்டு அந்த உத்தரவைச் சொன்னார்.

புல்லில் இருந்து செத்தவர்கள் எழும்பினார்கள். முதுகைத் தட்டினார்கள், ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பார்க்க நல்ல வடிவாக இருந்தது.

அண்ணை எழும்பவில்லை.

மரே இன்னொருமுறை சொன்னார். அண்ணை எழும்பவில்லை.

(இந்த இடத்தில் கதையை வெட்டி உங்களைத் தவிக்கவிடலாம் என்று எனக்கும் தெரியும். அப்படிச் செய்கிற எழுத்தாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதனால் இப்போதே சொல்கிறேன்: அவருக்கு ஒன்றுமில்லை. முதல்நாள் இரவு சந்தோசத்தில் நித்திரை கொள்ளவில்லை, வெயில், கம்பளிக் கோட்டு, மெத்தென்ற புல். அயர்ந்துவிட்டார். ஆனால் கயிற்றருகில் நின்ற எங்களுக்கு அப்போது அது தெரியாது. நீங்கள் அக்காவை விட ஒரு நிமிடம் முந்தித் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.)

அக்கா என் கையை விட்டார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். நான் என்றால் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் ஓடவில்லை. சீலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் கடந்து, மேட்டில் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. அன்று மன்னாரில் அவருக்கு அழுவதற்கு ஒரு படம்தான் இருந்தது. இப்போது ஆள் கிடந்தார்.

பக்கத்தில் போய் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கோட்டுக்குள் அண்ணையின் வயிறு ஏறி இறங்கியதை அவர் கண்டிருக்கவேண்டும். குறட்டையும் கேட்டது என்று மரே பிறகு எனக்குச் சொன்னார். மரே கிட்ட வர, அக்கா வாயில் விரலை வைத்து, சத்தம் போடவேண்டாம் என்று காட்டினார். பல் டொக்டர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு நாட்டுப் படைகளும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் நித்திரை குழம்பாமல் நின்றன.

அக்கா புல்லில் இருந்தார். குனிந்து அண்ணையின் காதில் ஏதோ சொன்னார்.

அண்ணை கண்ணைத் திறந்தார். எழும்பவில்லை. கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினார், வயிறு குலுங்கக் குலுங்க. பிறகு சிவப்புக் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார்.

9

என்ன சொன்னார்?

அண்ணையைக் கேட்டேன். "அது எங்கடை விசயம் பிள்ளை" என்றார். அக்காவைக் கேட்டேன். "நானோ? நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். கிட்ட நின்றவர் மரேதான், அவருக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் நீளமான வசனம் என்றார். தொடக்கம் ஏசுகிற மாதிரி இருந்ததாம், போகப் போக அப்படி இல்லையாம்.

நானாக எழுதிப் பார்த்தேன்.

"எழும்புங்கோ, சண்டை முடிஞ்சுது." (இல்லை. இது எழுத்தாளர் சொல்கிற வசனம். அக்காவுக்கு இப்படி அழகாகக் கதைக்க நேரமில்லை.)

"இனிச் சாகிறதெண்டா எனக்குச் சொல்லிப்போட்டுச்—" (இது நான் கிளிபோட்டிடம் சொல்கிற வசனம்.)

"அண்டைக்கு நான் உங்களுக்காக—" (இதை முடிக்க எனக்கு உரிமையில்லை.)

இன்னொரு விசயமும் இருக்கிறது. என் மேசையில் 1815 இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு துணிந்து எழுதினேன்: என் கோப்ரல் கடைசிவரை மேட்டில் நின்றார், செய்தி வரக் கொஞ்சம் முந்தி விழுந்தார். இப்போது பனியில் கிடக்கிறார். அந்தக் காலத்துக் கப்டன் யாராலும் செத்தவர்களை எழும்பச் சொல்ல முடியாது. என்னால் முடியும், கதை என்னுடையது. அவருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்திவிட்டேன். அவள் குனிந்துவிட்டாள். வாயைத் திறந்துவிட்டாள். என்னிடம்தான் வசனம் இல்லை.

உங்களிடம் இருக்கும். பிந்தி வந்த யாரையாவது வாசலில் கண்டிருப்பீர்கள், அல்லது நீங்களே பிந்திப் போயிருப்பீர்கள். உங்கள் வீட்டில் கதைக்கிற தமிழிலேயே எழுதுங்கள். வடிவாக இருக்கத் தேவையில்லை, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் ஏசுங்கள்.

அவள் அவருடைய காதருகில் குனிந்து, "                                        " என்றாள்.

என்னவும் எழுதலாம். அதைக் கேட்டு அவர் எழும்பவேண்டும்.